இடது சக்கரத்து மூக்குத்தி

எங்கள் செட்டில் இருந்த லாரிக்கு மூக்குத்தி போட்ட தேதி என் டைரியில் இருக்கிறது: 1937 ஆகஸ்ட் 24, செவ்வாய்க்கிழமை. முதலாளி சின்னுசாமி சென்னப்பட்டணத்துக்கு எழுதிப்போட்டு, தபாலில் வரவழைத்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு பித்தளைக் குமிழ்கள். டயரின் வால்வு வாயில் மூடிக்குப் பதிலாக இதைத் திருகிவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று ஒரு வெள்ளைத் தண்டை மேலே தள்ளும். குமிழின் தலையில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகத் தண்டில் உள்ள எண் தெரியும். எழுபது என்றால் காற்று சரி. அறுபதுக்குக் கீழே போனால் பாரம் ஏற்றக் கூடாது.

"வண்டிக்கு மூக்குத்தி குத்தியாச்சு. இனி சீர் வெச்சுக் கட்டிக்குடுக்க வேண்டியதுதான்" என்றார் டிரைவர் செல்லமுத்து. அன்றிலிருந்து அதற்குப் பெயர் மூக்குத்தி.

அதுவரை செல்லமுத்து டயரை ஓர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடித்தால் ஏறி உட்காருவார். முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. பின்சக்கரங்கள் இரண்டிலும்தான் பாரம் என்பதால் மூக்குத்தியை அவற்றில் மாட்டச் சொன்னார். தினமும் இரண்டு வேளை எண்ணைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு. எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் அப்போது மாதேஸ்வரன் வாத்தியார் வேலைக்குப் போகும் ஆட்களுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். நான் அதில் இரண்டாம் வருஷம். செட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வாத்தியார் எங்களை டைரி எழுதச் சொல்லியிருந்தார். "கண்டதை எழுது. கேட்டதை எழுது. நீயாக நினைத்ததை எழுதினால் 'நினைத்தேன்' என்று சேர்த்து எழுது" என்பது அவருடைய விதி. எனக்கு விதிகள் பிடிக்கும். விதி இல்லாவிட்டால் நான் செய்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. அதனால் மூக்குத்தி எண்களையும் டைரியிலேயே கோடு போட்டு எழுதினேன். மாலை நாலு மணிக்கு ஒன்று, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வண்டி கிளம்பும் முன், ஒன்று.

வலது சக்கரம் ஒழுங்காக இருந்தது. இடது சக்கரமும் வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக இருந்தது. சனிக்கிழமை காலையில் மட்டும் காற்று குறைந்திருந்தது. ஆகஸ்ட் 28-இல் எழுபது அறுபத்து மூன்றாகியிருந்தது. பம்பு வைத்து அடித்தேன். பிறகு வாரம் முழுவதும் எழுபதிலேயே நின்றது.

சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தை. மலையிலிருந்து ஆட்கள் மிளகும் வாழைத்தாரும் சுமந்து விடியற்காலையில் இறங்கி எங்கள் செட்டுக்கு வருவார்கள். லாரி அவற்றை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய், அங்கிருந்து சேலம் போகும். மலைமேல் உள்ள குண்டூர் நாட்டிலிருந்து வரும் வெள்ளையன் அவர்களில் ஒருவர். நாற்பது வயது இருக்கும். மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பாரம் ஏற்றும்வரை லாரியின் இடது பின்சக்கரத்தில் சாய்ந்து உட்காருவார். லாரியின் வலப்பக்கம் செட்டின் சுவரை ஒட்டி நிற்கும். அதனால் காலையில் உட்கார நிழல் இடப்பக்கம் மட்டுந்தான்.

செப்டம்பர் 4 சனிக்கிழமை மலையிலும் கீழேயும் அடைமழை. மலை ஆட்கள் இறங்கவில்லை. லாரியும் வெள்ளிக்கிழமையே சேலத்தில் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை மதியந்தான் வந்தது. வந்ததும் பார்த்தேன். இடது சக்கரம் எழுபது.

நான் பக்கத்தைத் திருப்பி முந்தின சனிக்கிழமையைப் பார்த்தேன். வெள்ளையன் வந்த நாள்: குறைவு. வராத நாள்: குறைவில்லை. பென்சிலால் அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் 'நினைத்தேன்' என்று எழுதவில்லை.

செப்டம்பர் 11. காலை ஏழரை மணி இருக்கும். நான் எண்ணெய் டப்பாவோடு செட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளையன் சக்கரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து மூக்குத்தியின் மேல் விரலை வைத்திருந்தார்.

"அங்க என்ன பண்ற?" என்றேன்.

"இது சீறுதுங்க சாமி" என்றார். "நல்லபாம்புக் குட்டியாட்டம். காத வெச்சுக் கேளுங்களேன்."

"கைய எடு. அது ஒடஞ்சா உன்னால ஆகுமா?"

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான் ஒடைக்கலீங்க. சீறுதுன்னேன்."

நான் காதை வைத்துக் கேட்கவில்லை. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு 'ங்க' போட்டுப் பேசினார். நான் அவரை ஒருமையில் பேசினேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது மணிக்கு எண் அறுபத்திரண்டு. அன்று மாலை டைரியில் எழுதினேன்: "காலை 7.30. மலை ஆள் வெள்ளையன் வால்வில் விரல் வைத்திருக்கக் கண்டேன்." கண்டதை எழுதினேன். கேட்டதை எழுதவில்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. பேனா ஒரு நிமிஷம் நின்றது. சைக்கிள் டயரைக்கூடத் தொட்டுப் பார்க்காத மனிதர் வால்வைப் பற்றிச் சொல்வதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று எண்ணினேன். அதை எழுதினால் என் கணக்கு நேராக வராது என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் வாத்தியார் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் 'நன்று' என்று போட்டார்.

அடுத்த சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி. சந்தையில் கூட்டம் இருக்கும் என்று செல்லமுத்து ஒன்பது மணிக்குக் காத்திருக்காமல் எட்டு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். பேளுக்குறிச்சிக்கு ஒரு மைல் முன்னால் இடது பின்டயர் நசுங்கி, ஓரம் கிழிந்து வெடித்தது. வண்டி சாய்ந்ததில் எட்டு மூட்டை மிளகு பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. மிளகுக்குத்தான். அதில் வெள்ளையனின் மூட்டையும் ஒன்று.

மதியத்துக்கு மேல் எல்லோரும் செட்டுக்குத் திரும்பினார்கள். முதலாளி டயரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "புது டயரு. மூணு மாசம் ஆகல. மூக்குத்தி போட்டும் இந்தக் கதின்னா எப்படிடா? அர்த்தனாரி, உன்ற நோட்ட எடு."

எடுத்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். மலை ஆட்கள் ஒன்பது பேர், செல்லமுத்து, இரண்டு சுமைக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர். எல்லோரும் கேட்டார்கள். வெள்ளையன் வந்த சனிக்கிழமைகள், வராத சனிக்கிழமை, எண்கள், கடைசியாக விரல். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தேதிகளை வரிசையாகப் படித்ததே போதுமாக இருந்தது.

"ஓகோ" என்றார் முதலாளி.

செல்லமுத்து சிரித்தார். "காத்தத் திருடி மலைக்குக் கொண்டுபோறாப்பலயா? அங்கதான் காத்து வேண்டியமட்டும் அடிக்குதே?" யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"வெளையாட்டுக்குத் திருகியிருப்பான்" என்றார் முதலாளி. "ஏன்டா, கை சும்மா இருக்காதா உனக்கு?"

வெள்ளையன் எழுந்து நின்றார். முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நான் உங்ககிட்டச் சொன்னது அந்த நோட்டுல இல்லீங்களா சாமி?"

நான் நோட்டைப் பார்த்தேன். பக்கத்தில் அது இல்லை. "இல்லை" என்றேன். நோட்டைப் பொறுத்தவரை அது உண்மை.

அவர் சக்கரத்துக்குக் கீழே, வாராவாரம் தான் உட்காரும் இடத்தில், ஒரு பிடி மண்ணை எடுத்தார். வேட்டி முனையில் முடிந்தார். "இத எங்க சாமி முன்னால வெக்கிறேன். நான் இதுல காத்த எறக்கியிருந்தா என்னயக் கேக்கட்டும். இல்லாததச் சொல்லியிருந்தா சொன்னவங்களக் கேக்கட்டும். கேக்கிற வரைக்கும் நான் இந்த மண்ண மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நனைந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதைப் பக்கம் நடந்தார். அந்த மிளகு ஏறும்போது இன்னும் கனத்திருக்கும்.

செப்டம்பர் 25. புது டயரில் அதே மூக்குத்தி. வெள்ளையன் வரவில்லை. அவர் மனைவி குப்பாயி மூட்டையைச் சுமந்து வந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நிழலுக்கு வரவில்லை, ரோட்டோரத்திலேயே நின்றார். நான் ஒன்பது மணிக்குச் சக்கரத்தருகே குனிந்தபோது அங்கிருந்தே கேட்டார்.

"ஏனுங்க, திருட்டுப் போன காத்து அதுக்குள்ளாறதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"இன்னைக்குப் பத்திரமா இருக்குதுங்களா?"

கண்ணாடியில் அறுபத்தொன்று தெரிந்தது.

நான் பம்பை எடுக்கப் போனேன். முதலாளி கேட்டபோது "பாத்துட்டேனுங்க" என்றேன். டைரியில் அறுபத்தொன்று என்றுதான் எழுதினேன். அந்த நோட்டை நான் படித்துக் காட்டினாலொழிய யாரும் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்தேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒன்பது மணி எண்ணுக்கும் அதற்கு முந்தின நாலு மணி எண்ணுக்கும் நடுவே பதினேழு மணி நேரம் இருக்கிறது. வெள்ளையன் செட்டில் இருந்தது அதில் மூன்று மணி நேரம். மீதிப் பதினாலு மணி நேரத்தை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு எண்ணைப் பார்த்த பிறகு நான் வகுப்புக்குக் கிளம்புவதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று அன்று ஒவ்வொன்றாகக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை மாலை வண்டிக்குப் பூஜை. முதலாளி கற்பூரம் காட்டி, விளக்குக் கண்ணாடிக்கும் ஸ்டீரிங்குக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். மூக்குத்தி வந்ததிலிருந்து அதற்கும் ஒரு பொட்டு. வலப்பக்கம் சுவரோடு ஒட்டி இருப்பதால் இடப்பக்கத்து மூக்குத்திக்கு மட்டும். பொட்டு காய்ந்தால் கண்ணாடியில் எண் தெரியாது. அதனால் முதலாளி உள்ளே போனதும் நான் அதைக் கழற்றி, துணியால் சுத்தமாகத் துடைத்து, மறுபடி திருகிவைப்பேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்றும் துடைத்துத் திருகினேன். பிறகு விரலில் எச்சிலைத் தொட்டு, மூக்குத்தியும் வால்வும் சேரும் இடத்தில் வைத்தேன். ஒரு சின்னக் குமிழி எழுந்தது. உடைந்தது. மறுபடி எழுந்தது. லேசான சந்தன நிறம். காதை வைத்தேன். சீறியது.

துடைக்கும்போது ஓரத்திலிருந்து உதிர்ந்த சந்தனத்தூள் உள்ளே விழுந்து, மூக்குத்திக்குள் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் செய்திருக்கிறது. சனிக்கிழமை நான் பம்பு அடிக்கும்போது அந்தக் காற்றே தூளை ஊதித் தள்ளியிருக்கிறது. அதனால்தான் வாரம் முழுவதும் எழுபது. செப்டம்பர் 3 வெள்ளிக்கிழமை வண்டி சேலத்தில் இருந்ததால் பூஜை இல்லை, பொட்டு இல்லை, துடைப்பும் இல்லை. வெள்ளையனைக் கீழே வரவிடாத அதே மழைதான் வண்டியையும் அங்கே நிறுத்தியது. எல்லாத் தேதிகளும் பொருந்தின. அவருக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தினவோ அதைவிட அழகாக எனக்குப் பொருந்தின.

அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். அதற்கு முன் நான் பாதி மலைக்கு மேல் போனதில்லை. டைரியையும் எடுத்துக்கொண்டேன், எதற்கு என்று தெரியாமல். ஏறிச்சேர உச்சிவேளையாகிவிட்டது. வெள்ளையன் சாமைக் காட்டில் இருந்தார். குப்பாயி என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, எங்க காட்டுலயும் காத்தை அளக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் டைரியைத் திறந்தேன். அவர்கள் இருவருக்கும் எழுத்துத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூடினேன். வாயால் சொன்னேன். பொட்டு, துணி, எச்சில், குமிழி. கடைசியாக, "நீங்க சீறுதுன்னு சொன்னீங்க. நான் அத எழுதல. வேணும்னுதான் எழுதலீங்க" என்றேன்.

காட்டில் வேலை செய்த நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் கேட்டார்: "இதச் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தே கண்ணு?"

"ஆமாங்க."

வெள்ளையன் கையில் ஒட்டியிருந்த சாமையைத் தட்டிவிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அலுப்பாக இருந்தார்.

"இங்க யாருக்குச் சொல்றீங்க சாமி?" என்றார். "இங்க நான் திருடனில்லயே. இவங்க ஒருத்தரும் அத நம்பல. காத்த எப்படிப்பா எடுத்தேன்னு சிரிச்சாங்க. நீங்க அங்கல்ல சொன்னீங்க? உங்க மொதலாளி முன்னால, கடைக்காரரு முன்னால?"

மலை ஏறி வந்ததைப் பெரிய காரியம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து வந்திருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"மண்ணு சாமி முன்னால இருக்குது" என்றார். "அத எடுத்துட்டு வர்ற சனிக்கெழம வாரேன். நீங்க சொல்லுவீங்களோ மாட்டீங்களோ, எனக்குத் தெரியாது. வாரேன்."

"வந்து நின்னு, அவரு வாயத் தொறக்காம இருந்துட்டா?" என்றார் குப்பாயி.

"அப்பறம் அத அவரு எழுதி வெச்சுக்கட்டும்" என்றார் வெள்ளையன்.

அந்த ஐந்து நாளும் எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதிப் பார்த்தேன். சந்தனத்தால் வந்தது என்று சொன்னால் முதலாளியின் பூஜையைக் குறை சொல்வதாகும். ரப்பர் சரியில்லை என்றால் சென்னப்பட்டணத்துக்காரன் மேல் போகும். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் நான் கொஞ்சம் தப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கிழித்தேன். வெள்ளிக்கிழமை பொட்டைத் துடைத்தபோது ரப்பர் வளையத்தையும் ஊதிச் சுத்தம் செய்து திருகினேன்.

அக்டோபர் 9, சனிக்கிழமை. வெள்ளையன் ஏழு மணிக்கு வந்து செட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றார். தலையில் மூட்டை. வேட்டி முனையில் முடிச்சு. உள்ளே வரவில்லை. மூட்டையை இறக்கவும் இல்லை. மலை ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். செல்லமுத்து கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எட்டு மணிவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அந்த மனிதர் மூட்டையோடு நின்றார். இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு, "மொதலாளி, காத்து எறங்கினது என்னாலதானுங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவர், "என்னடா?" என்றார். மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைக்காரர் திரும்பினார். சுமைக்காரர்கள் அருகே வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் சிவந்தது.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தையாடா கொற சொல்ற?"

"சந்தனத்தச் சொல்லலீங்க. கழட்டித் தொடச்சது நானுங்க. அதுல காத்து எறங்கினது தெரியாம நடந்தது. வெள்ளையன் அன்னைக்கே 'சீறுது, காத வெச்சுக் கேளுங்க'ன்னு எங்கிட்டச் சொன்னாருங்க. அத நான் நோட்டுல எழுதாம உட்டேன். அவரு இதே எடத்துல உங்க முன்னால கேட்டப்பவும் இல்லைன்னேன். அது தெரிஞ்சே பண்ணினதுங்க."

செல்லமுத்து, "அப்ப மூக்குத்திக்குச் சளி புடிச்சிருந்திருக்குது. வைத்தியம் சொன்னவனத் தொரத்திப்போட்டோம்" என்றார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். கடைக்காரர், "படிச்சவனக் கூட வெச்சிருந்தா இதுதான்" என்றார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "டயரு போனது போனதுதான். இன்னிமே பொட்ட மட்கார்டுல வெச்சுக்கலாம்" என்றார். ரோட்டைப் பார்த்து, "வெள்ளையா, உள்ள வாப்பா. மூட்டய எறக்கு" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

வெள்ளையன் உள்ளே வந்தார். மூட்டையை இறக்கினார். இடது சக்கரத்தருகே குனிந்து முடிச்சை அவிழ்த்து, மண்ணை எடுத்த இடத்திலேயே உதறினார். துணியை நன்றாக ஒருமுறை தட்டினார்.

"சொன்னத இப்ப எழுதிக்கங்க" என்றார் என்னிடம்.

அங்கேயே, எல்லோரும் பார்க்க, டைரியைத் திறந்தேன். செப்டம்பர் 11-ஆம் தேதிப் பக்கத்தில் இடம் இல்லை. வாத்தியாரின் 'நன்று' இருந்த இடத்தில் அதன் மேலேயே எழுதினேன்: "இது சீறுதுங்க சாமி என்று வெள்ளையன் சொல்லக் கேட்டேன்." வாய்விட்டுப் படித்தேன். அவர் தலையசைத்தார்.

பிறகு அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் குந்தினார். "நெழலுக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். "இருக்கட்டுமுங்க" என்றார்.

ஒன்பது மணிக்கு இடது சக்கரம் எழுபது. வலது சக்கரம் எழுபது. பாரம் ஏற்றும்வரை அந்த நிழலில் யாரும் உட்காரவில்லை.